பத்து விரல்காரர்

இப்போதெல்லாம் எவனும் எதையும் நேராகப் பார்ப்பதில்லை. வெளியே மழை பெய்கிறதா என்று மருமகனைக் கேட்டேன். ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவன் போனைத் தடவினான். தடவிவிட்டு, "இல்ல மாமா, பெய்யல" என்றான். வெளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குப் புரியாத நியாயம் ஏதாவது இதில் இருக்கலாம். இருப்பதாகத் தோன்றவில்லை.

எனக்கு இது வெறும் எரிச்சல் இல்லை, பிழைப்பு. அடுத்தவர் என்னைப் பார்ப்பதுதான் என் தொழில். ஓவியக் கல்லூரியில் நான் மாடல். மேடைமேல் நாற்காலி போட்டிருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு அதில் உட்கார வேண்டும். சுற்றி இருபது பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கரிக்குச்சியால் வரைவார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நிமிடம் இடைவேளை. ஒரு நாளைக்கு நாலு தடவை. இப்படி இருபத்தாறு வருஷம்.

"சும்மா உட்கார்றதுக்கு ஒரு வேலையா?" என்று கேட்பார்கள். உட்கார்ந்து பார். மூன்றாவது நிமிடம் மூக்கு அரிக்கும். பத்தாவது நிமிடம் ஒரு ஈ வரும், எங்கிருந்துதான் வருமோ. இருபதாவது நிமிடம் இடது கால் மரக்கத் தொடங்கும். மரக்கிற வரைக்கும்தான் தொந்தரவு. மரத்த பிறகு அது யார் காலோ. உட்காருகிறவன் ஒழுங்காக உட்கார்ந்தால் சிரைக்கிறவன் ஒழுங்காகச் சிரைப்பான் என்பார்கள். வரைவதும் அப்படித்தான். நான் ஒழுங்காக உட்கார்ந்தேன்.

இந்த வேலையோடு ஓர் அறையும் உண்டு. கல்லூரிக்குப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, மாடலுக்கென்று ஒதுக்கியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரில் தொட்டியின் ஈரம் ஏறும். ஆனால் வாசலில் படி கிடையாது. என் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. மகள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒரே ஒரு தடவை அங்கே ஏறினாள். இறக்குவதற்கு நாற்காலியும் மூன்று ஆட்களும் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்களுக்குச் சொத்து என்றால் அந்தப் படியில்லாத வாசல்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அச்சகத்தில் வேலை பார்த்தபோது காகிதம் வெட்டும் இயந்திரம் மீதியை எடுத்துக்கொண்டது. பழைய வாத்தியார் பிள்ளைகளின் படத்தை வாங்கியதும் முதலில் அந்த விரலைத்தான் பார்ப்பார். முழுசாக வரைந்திருந்தால் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போனார். புது இயக்குநர் வந்தார். கூடவே நாற்பது பெட்டிகளில் டேப்லெட் வந்தது.

அந்தப் பெட்டிகளின் திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். நான் கடைசி வரிசையில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே இந்தக் கல்லூரியில தவறுங்கற பேச்சுக்கே இடமில்ல. ரெண்டு விரலால கண்ணாடியத் தட்டினா தவறு போயிடும். இத்தனை வருஷமா இங்க எத்தனை தவறு நடந்துதுன்னு யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது. ஆனா இனிமே அது அறிவியல் முறைப்படி தெரியாது!"

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியதையும் டேப்லெட் பதிவு செய்துகொண்டது.

அடுத்த வாரம் பிள்ளைகளைப் பக்கத்து ஏசி அறைக்கு மாற்றினார்கள். டேப்லெட்டுக்குப் பழைய கூடத்தின் கரித்தூசி ஆகாதாம். கரித்தூசி எனக்கு ஆகும் என்பதால் நான் பழைய கூடத்திலேயே இருந்தேன். எனக்கு எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். பிள்ளைகள் அந்த அறையில் இருந்தபடி என்னை டேப்லெட் கண்ணாடியில் பார்த்துக் கண்ணாடியிலேயே வரைவார்கள். நடுவில் ஒரு சுவர். கதவைத் திறந்தால் நானே இருக்கிறேன். கதவைத் திறந்தால் ஏசி வீணாகும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கூடத்து விளக்கையும் மாற்றினார்கள். கூரையில் வெள்ளையாக ஒரு கண். சென்சார் என்றார்கள். அறையில் ஆள் இருந்தால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் நாலு நிமிடத்தில் அணைந்துவிடும். யார் எத்தனை நேரம் இருந்தார் என்பதையும் அந்தக் கண்ணே எழுதிக்கொள்ளும், வருகைப் பதிவேடு இனி வேண்டாம் என்றார்கள்.

முதல் நாள் நான் ஏறி உட்கார்ந்தேன். நாலு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்ததால் என் முட்டி எனக்கே தெரியவில்லை. புது முறையில் இருட்டில்தான் வரைவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. முக்கால் மணி கழித்து மணி அடித்தது. எழுந்தேன். விளக்கு எரிந்தது. மறுபடி உட்கார்ந்தேன். நாலு நிமிடம். இருட்டு.

மூன்று மாதம் இப்படி உட்கார்ந்தேன். இருட்டில் ஒரு வசதி, ஈ வரவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு கடிதம் வந்தது. மனைவி என்னைவிட மூன்று வகுப்பு அதிகம் படித்தவள். அவள்தான் படித்தாள்.

"தாங்கள் கடந்த மூன்று மாதங்களில் மொத்தம் பதினேழு மணி இருபது நிமிடம் மட்டுமே கூடத்தில் இருந்துள்ளீர்கள் என்று அறியப்படுகிறது. ஆகவே தாங்கள் இல்லை எனக் கருதப்படுகிறது. தங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறையைப் பதினைந்து நாட்களுக்குள் காலி செய்து தருமாறு, இல்லாத தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்."

கடிதத்தை மடித்துக் கட்டிலில் வைத்தாள்.

"என்னங்க, நீங்க இல்லையாம்."

"யார் சொன்னது?"

"ஆபீஸ்ல. முத்திரையெல்லாம் போட்டிருக்கு."

"அப்ப நீ யார்கிட்ட பேசிட்டிருக்க?"

"நாப்பது வருஷமா எனக்கும் அதே சந்தேகம்தான்" என்றாள். சிரிக்கவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். "அங்க நாலு மாடிங்க" என்றாள்.

வருகைப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். நான் எதிரே நின்றேன். அவர் டேப்லெட் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெரியவரே, நீங்க வேலை நேரத்துல அசையவே இல்லையே?"

"அசையாம இருக்கறதுதாம்மா என் வேலை."

"அது உங்க வேலை. இது வருகை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கையக் கால ஆட்டுங்க. சிஸ்டம் உங்கள எடுத்துக்கும்."

"ஆட்டினா படம் கெட்டுப்போகுமே."

"படம் வேற துறை" என்றார்.

நான் நகரவில்லை. நகராமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. பத்து நிமிடம் கழித்து அவரே கேட்டார்.

"போன மூணு மாசம் நீங்க உட்கார்ந்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

"பிள்ளைங்க என்னைப் பார்த்து வரைஞ்ச படம் இருக்குமே."

"அத எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்."

பிள்ளைகள் இருந்த ஏசி அறைக்குப் போனேன். அன்றுதான் முதல்முறையாக அதற்குள் நுழைகிறேன். சுருட்டை முடிப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "யார் வேணும்?" என்றாள். சட்டை போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நல்ல பெண்.

"நான் இருட்டுலதான் உட்கார்ந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாது தாத்தா. நீங்க உட்கார்ந்ததும் ஒரு படம் பிடிச்சு நிறுத்தி வச்சுப்போம். அதப் பார்த்துதான் வரைவோம். நீங்க அசைஞ்சாலும் எங்களுக்குக் கவலையில்ல."

"நான் எப்பம்மா அசைஞ்சேன்?"

"அசையல. அசைஞ்சிருக்கலாம்னு சொல்றேன்."

முக்கால் மணியில் ஒரு விநாடிதான் அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன். மீதி நேரம் நான் எதற்கு என்று கேட்க நினைத்தேன். பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

அவள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினாள். நானூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றிலும் நான் இருந்தேன். தோல் சுருக்கம் குறைந்து, முதுகு நிமிர்ந்து, வசதியான வீட்டுக் கிழவன் மாதிரி. போகட்டும். வலது கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அடுத்த படத்திலும் ஐந்து. எல்லாப் படத்திலும் ஐந்து.

"ஏம்மா, அந்த மோதிர விரல்?"

"இருக்கே தாத்தா."

"அதத்தான் கேக்கறேன். ஏன் இருக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் பாதிதான் போட்டேன். மீதிய அதுவே முடிச்சிடுச்சு. அழிச்சேன். மறுபடி முடிச்சுது. மூணாவது தடவை அழிச்சதும், 'கை வரைவதில் உங்களுக்கு உதவி தேவையா'ன்னு கேட்டுது. மார்க்கும் அதுதான் போடுது தாத்தா. விட்டுட்டேன்."

நாலு படங்களைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். வருகைப் பிரிவு அம்மா அவற்றை வாங்கி டேப்லெட்டுக்குக் காட்டினார். பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன்.

"படத்துல இருக்கறவருக்குப் பத்து விரல். உங்களுக்கு ஒன்பதரை. அப்ப இவரு வேற ஆளு. மூணு மாசமா உங்களுக்குப் பதிலா யாரையோ உட்கார வச்சிருக்கீங்க."

"யாரம்மா வருவா இந்த வேலைக்கு?"

"அத நீங்கதான் சொல்லணும். ஆள்மாறாட்டம் பெரிய குத்தம் பெரியவரே."

காலையில் நான் இல்லை. மத்தியானம் இரண்டு பேர் ஆகிவிட்டேன்.

விசாரணை வைத்தார்கள். நீள மேசை. இயக்குநர் நடுவில், வருகைப் பிரிவு அம்மா ஒரு பக்கம், வெளியிலிருந்து அழைத்த நிபுணர் ஒரு பக்கம். மூன்று பேருக்கும் முன்னால் ஆளுக்கொரு டேப்லெட். என் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர்.

நான் கையைத் தூக்கி மேசைமேல், அவர்கள் மூக்குக்கு நேராக வைத்தேன். நிபுணர் அதைப் படம் பிடித்தார். மூன்று பேரும் கண்ணாடியில் குனிந்து எண்ணினார்கள்.

"அஞ்சு இருக்கே?" என்றார் இயக்குநர்.

"தொண்ணூத்தெட்டு சதவீதம் உறுதி" என்றார் நிபுணர்.

"ஐயா, கண்ணாடியில பார்க்காதீங்க. கை இங்க இருக்கு. கையப் பாருங்க."

இயக்குநர் பொறுமையானவர். எனக்கு விளக்கினார். "கண்ணால பார்க்கறது அவங்கவங்க சொந்தக் கருத்து ஐயா. நான் ஒண்ணு பார்ப்பேன், அவர் ஒண்ணு பார்ப்பாரு. சொந்தக் கருத்த வச்சு ஒரு கலை நிறுவனத்த நடத்த முடியுமா? நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து இங்க நான் எதையுமே பார்த்ததில்ல. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் என்மேல ஒரு புகார் கிடையாது."

வருகைப் பிரிவு அம்மா இதைக் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கு உதவத்தான் நினைக்கிறோம்" என்றார் இயக்குநர். "மீதி ரெண்டு சதவீதத்துக்கு, 'எனக்குப் பத்து விரல் இருக்கு'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. படத்துல இருக்கற ஆளு நீங்கதான்னு ஆயிடும். வருகை சரியாயிடும். அறை உங்களுக்கே."

ஒரு வரிதான். ஆனாலும் அந்த விரல் போன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாளெல்லாம் சிவப்பானதற்கு முதலாளி திட்டினான். விரல் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அது இருக்கிறது என்று இவர்கள் எப்படிச் சொல்லலாம்?

"இல்லைங்க. எனக்கு ஒன்பதரைதான்" என்றேன். அதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். டேப்லெட்டில் பேனாவால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். போட்டு முடித்ததும் கோழி போய், அச்சடித்த மாதிரி நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எழுந்து நின்றுதான் திட்டுவாள். அது அவள் மரியாதை.

"அரை விரலுக்காக என்னை நாலு மாடி ஏறச் சொல்றீங்களா?"

"பொய் சொல்லச் சொல்றாங்கடி."

"ஊர்ல எவன் சொல்லல? அந்த விரல் போனப்ப கட்டுப் போட்டது யாரு? நான். ராத்திரி பகலா வலியில முனகினப்ப பக்கத்துல இருந்தது யாரு? நான். எனக்கே அது இருந்துட்டுப் போகட்டும்னு தோணுது. உங்களுக்கு என்ன வந்துது?"

அவளுக்குக் கால் நடுங்கியது. பிடித்து உட்கார வைத்தேன். காலை மரக்க விடுவது எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் மற்றதும் மரத்துவிடும். விடிவதற்குள் எனக்குப் பத்து விரல் என்று முடிவு செய்துவிட்டேன்.

காலையில் போய்ச் சொன்னேன். வருகைப் பிரிவு அம்மா வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நேத்துதானே இல்லேன்னு கையெழுத்துப் போட்டீங்க? உங்க கையெழுத்துதான், பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. இனிமே மாத்த முடியாது."

"ரெண்டு விரலால தட்டினா தவறு போயிடும்னாரே ஐயா?"

"அது படத்துக்கு. கையெழுத்து சட்டம்."

இயக்குநரைப் பார்க்கச் சொன்னார். இயக்குநர் உற்சாகமாக இருந்தார். முந்தின நாள் மாலை ஒரு செய்தி வந்திருந்தது. பிள்ளைகள் வரைந்த என் படங்களை, இல்லை, அந்த மற்றவர் படங்களை, ஏதோ கண்காட்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதல் பரிசு கிடைத்துவிட்டது. கைகள் அவ்வளவு நேர்த்தி என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். நடுவராக இருந்ததும் ஒரு டேப்லெட்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"இனிமே அந்தப் பத்து விரல்காரர் இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார் இயக்குநர். "பரிசு வாங்கினவரு. அவரத்தான் நிரந்தர மாடலா நியமிச்சிருக்கோம். அறையும் அவருக்குத்தான்."

"அவரு எங்க இருக்காரு ஐயா?"

"அது நிர்வாகத்தோட கவலை இல்ல. ஆனா ஒரு பிரச்சினை. படத்தப் பார்த்தா அவருக்கு வயசு எழுபது இருக்கும். தனியா விட முடியாது. துணைக்கு ஆள் வேணும். நீங்க அவரோட பழகினவரு. நீங்களும் உங்க வீட்டம்மாவும் அவரோட அதே அறையில தங்கிக்கலாம். உதவியாளர்னு போட்டுக்கலாம். பகல்ல கூடத்துல அவரு நாற்காலியில நீங்க உட்கார்ந்திருந்தா போதும், அவரு வர்ற வரைக்கும். ஆனா ஒண்ணு, நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கால ஆட்டிடுங்க."

இதில் விரலைப் பற்றி எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அச்சடித்த மாதிரி வந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் வாசலைப் பார்த்தாள்.

"படியேற வேண்டாமில்ல?"

"வேண்டாம்."

"அது போதும்." கொஞ்சம் கழித்து, "அவரு சாப்பிட வருவாரா?" என்றாள்.

"வர மாட்டாரு."

"அப்ப உங்களவிட நல்ல மனுஷன்தான்."

பரிசளிப்பு விழா போன வாரம் நடந்தது. பெரிய அரங்கம், நூறு பேர், கூரையில் அதே வெள்ளைக் கண். மேடையில் நாற்காலி, அதன்மேல் ஒரு டேப்லெட், அதில் அந்தப் பத்து விரல்காரர் படம். பரிசை அவர் மடியில் இருப்பது போல் டேப்லெட் முன்னால் சாய்த்து வைத்தார்கள். துணைக்கு நான் பக்கத்தில், சட்டை போட்டுக்கொண்டு, ஒரு முக்காலியில். அவர் முகத்தைப் பார்த்தேன். என் அப்பா சாகாமல் நன்றாகத் தின்று வாழ்ந்திருந்தால் அப்படி இருந்திருப்பார்.

இயக்குநர் பேசினார். "இந்த மனுஷர்கிட்ட நாம எல்லாரும் கத்துக்கணும். ஒரு தடவை கூட லீவு கேட்கல. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நாங்க எப்படி வேணும்னு நினைச்சமோ அப்படியே இருந்தாரு. இப்படிப்பட்டவங்க கிடைச்சா இந்தக் கல்லூரிய ஆளே இல்லாம நடத்திடலாம்!"

கைதட்டல் நின்றதும் இன்னொன்று சொன்னார். விழாவின் நினைவாகப் பிள்ளைகள் இந்த அரங்கத்தை அப்படியே வரையப் போகிறார்களாம், பக்கத்து அறையிலிருந்து. அதற்காக எல்லாரும் ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டுமாம்.

எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். பெரிய மனிதர்கள் மூச்சைக்கூட எண்ணி விட்டார்கள். பழக்கமில்லாதவர்கள், மூக்கு அரிப்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வழக்கம்போல இடது கால் மரத்தது. நாலாவது நிமிடம் விளக்கு அணைந்தது. சுவரில் எங்கிருந்தோ பதிவு செய்த ஒரு பெண் குரல், "அரங்கில் யாரும் இல்லை. நன்றி" என்றது.

ஒருவரும் அசையவில்லை. அசைந்தால் படம் கெட்டுவிடும்.

"யாரும் பயப்படாதீங்க" என்றது இயக்குநரின் குரல், உதடு அசையாமல் பேசுகிற குரல். "இன்னும் ஒரு நிமிஷந்தான். நாம இருக்கோம்."

ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போயிருக்கும். இருட்டில் அந்த டேப்லெட் மட்டும் வெளிச்சமாக இருந்தது. பத்து விரல்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். நூறு பேரும் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கால் மரத்திருக்கும். மரத்துவிட்டால் தொந்தரவில்லை.

நான் எழுந்தேன். அரங்கம் முழுக்கப் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"ஐயா, உட்காருங்க, உட்காருங்க! படம்!" என்றார் இயக்குநர், தலையைத் திருப்பாமல்.

உட்காரவில்லை. முக்காலியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். நடுவழியாக நடந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அசைய வேண்டியிருக்கும். கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றேன். நாலு நிமிடத்தில் உள்ளே மறுபடி இருட்டாகி, அந்தப் பெண் குரல் நன்றி சொன்னது.

வராந்தாவில் என் காலடிக்கு ஒவ்வொரு விளக்காக எரிந்தது. கடைசியில் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடித் திரை, வருகையைக் காட்டுகிறது. நான் அதைக் கடந்ததும் "கட்டடத்தில் இருப்பவர்: ஒருவர்" என்று எழுத்து வந்தது. இருபத்தாறு வருஷம் உட்கார்ந்ததற்கு இல்லாத கணக்கு, எழுந்து போவதற்கு இருக்கிறது. அந்த ஒருவர் நானா, அவரா என்று அதில் போடவில்லை.

நின்று கேட்கலாம். நின்றால் நாலு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். அந்தக் கண்ணாடியை நான் நம்பவில்லை, அதுவும் என்னை நம்பவில்லை, சரிதான். மரத்த காலை இழுத்துக்கொண்டு, படியில்லாத வாசலைப் பார்த்து நடந்தேன்.